திரும்பி வந்தவனுக்கு அத்தியாயம் இல்லை

என் வீட்டில் ஒரு அலமாரி முழுக்கப் பேரழிவு இருக்கிறது. ஈப்போவில் போட்டோஸ்டேட் கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். வெள்ளம், நிலநடுக்கம், பஞ்சம், கடல்கோள், சுரங்கம் இடிந்தது, அணை உடைந்தது, ஊரே எரிந்தது. எதுவும் கற்பனை இல்லை, எல்லாம் நடந்தவை. அதிலும் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. அமைச்சர்களும் தளபதிகளும் என்ன செய்தார்கள் என்று சொல்லும் புத்தகங்கள் எனக்கு வேண்டாம். இதுவரை யாரும் கண்டிராத ஆபத்து ஒன்று ஊருக்குள் வரும்போது ஒரு தபால்காரர், ஒரு தாதி, ஒரு ரொட்டிக் கடைக்காரர் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று முந்நூறு பக்கத்துக்கு எழுதுகிறார்களே, அவைதான் வேண்டும். பழைய புத்தகக் கடைகளில் தூசியைத் தின்று தேடி வாங்குவேன்.

முப்பது வருடம் படித்ததில் இவற்றின் சூத்திரம் எனக்கு மனப்பாடம். முதல் அத்தியாயத்தில் வானிலை அருமையாக இருக்கும். தபால்காரருக்கும் அவர் மனைவிக்கும் காலையில் சின்னச் சண்டை நடந்திருக்கும்; மூன்றாம் அத்தியாயத்தில் அவர் அதற்காக வருந்த வேண்டும் அல்லவா? ஐந்தாம் அத்தியாயத்தில் எங்கிருந்தோ ஒரு கயிறு அவர் கைக்கு வந்துவிடும். கயிறு இல்லாவிட்டால் படகு, படகு இல்லாவிட்டால் ஒரு பெரிய கரண்டி. சாமானியர்களை ஆபத்து ஒருபோதும் வெறுங்கையோடு விடுவதில்லை. கடைசியில் ஒரு கூட்டத்தையே காப்பாற்றிவிட்டு, நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை என்பார் தபால்காரர். அதைக் கேட்டு எழுதியவர் உருகுவார், நானும் உருகுவேன். படிக்கும்போதெல்லாம் தபால்காரரின் இடத்தில் என்னைத்தான் வைத்துப் பார்ப்பேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தவரின் இடத்தில் ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு அந்தப் புத்தகங்களில் அத்தியாயமும் கிடையாது.

பிறகு எங்களுக்கே ஒன்று வந்தது. நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு, கடைகள் அடைப்பு, சாலைக்குச் சாலை போலீஸ் தடுப்பு. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. இத்தனை வருடம் படித்த பாடத்துக்கு இப்போதுதான் பரீட்சை வந்திருக்கிறது என்று நினைத்தேன். சார்டின் டின்களையும் மெழுகுவர்த்திகளையும் வாங்கிக் குவித்தேன். கிருமிக்கும் மெழுகுவர்த்திக்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி கேட்டாள். எல்லாப் புத்தகத்திலும் மெழுகுவர்த்தி இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட எங்கள் வீட்டில் மின்சாரம் போகவில்லை.

உறவினர்களுக்குப் போன் போட்டு உபதேசமும் செய்தேன். சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கும் என் அக்காவுக்குத்தான் அதிகம். ரப்பர் மரங்களை எப்போதோ வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதி காலி. அக்காவும் மச்சானும் அங்கேயே இருந்துவிட்டார்கள். நான் பத்து நிமிடம் பேசுவேன், அவள் கேட்டுக்கொள்வாள், கடைசியில் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

மச்சான் இறந்தது கிருமியால் இல்லை, நெஞ்சு வலியால். மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து, தொற்று இல்லை என்று எழுதிக்கொடுத்து, மறுநாள் காலையில் உடலை வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா போனில் அழவில்லை. பன்னிரண்டு மணிக்கு எடுக்கப் போகிறார்கள், கோடி எடுத்துக்கொண்டு வா என்றாள்.

கோடி என்றால் புதுத்துணி. புருஷன் இறந்தால் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஆண் அதைக் கொண்டுவந்து அவள் தோளில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற பெண்கள் தாலியில் கை வைப்பார்கள், அதற்குப் பிறகுதான் உடல் வீட்டை விட்டுப் போகும். எங்கள் அப்பா, அம்மா இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

காவல் நிலையத்தில் அனுமதிக் கடிதம் இருபது நிமிடத்தில் கிடைத்தது. துணிக்கடைகள் மூடியிருந்ததால் மனைவி தீபாவளிக்கு வாங்கி உறை பிரிக்காமல் வைத்திருந்த சேலையைக் கொடுத்தாள். நெடுஞ்சாலையில் கெடுபிடி அதிகம் என்றார்கள், பழைய சாலையில் போனேன். கோப்பெங் தடுப்பில் கடிதத்தைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டார்கள். தாப்பாவில் இருந்த மலாய்ப் போலீஸ்காரர் கடிதத்தை முழுக்கப் படித்தார். படித்து முடித்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தக்ஸியா, பாக்சிக். பாவா கெரேத்தா பெலான் பெலான்," என்றார். துக்கம் கேட்டுவிட்டுக் காரை மெதுவாக ஓட்டச் சொல்கிறார். இளவயதுக்காரர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தாப்பாவைத் தாண்டியதும் ஒரு பெட்ரோல் நிலையம். முகம் கழுவலாம் என்று நிறுத்தினேன். போனில் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. யாரோ யாருக்கோ அனுப்பி, கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் கிருமி புகுந்துவிட்டதாம், அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாமாம். எந்தத் தோட்டம் என்று அதில் இல்லை. பேசியவருக்கு மூக்கு அடைத்திருந்தது மட்டும் நன்றாகக் கேட்டது. நான் அதை நான்கு முறை கேட்டேன். அலமாரி முழுக்கப் புத்தகம் படித்தவன், ஊர் பேர் தெரியாத ஒருவரின் சளிக் குரலைக் கேட்டுக்கொண்டு, பக்கத்து இருக்கையில் சேலையோடு அரை மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"போலீஸ் விடமாட்டேங்கிறான்க்கா. திருப்பி அனுப்புறான்," என்றேன்.

"சரி. பாத்துப் போ," என்றாள்.

காரைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்தேன். மனைவி சேலையை எடுத்துப் பழையபடி அலமாரியில் வைத்தாள்.

அங்கே நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கோடிக்காக இரண்டு மணி வரைக்கும் உடலை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அக்கா உடலுக்குப் பக்கத்தில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நான் போன் போட்ட பிறகு பிரச்சினை வேறு விதமாகப் போயிருக்கிறது. வேறு யாராவது ஒரு ஆணைக் கோடி போடச் சொல்லலாம் என்றால், லயத்தில் இருந்த அத்தனை ஆண்களும் மச்சானுக்குப் பங்காளிகள். புருஷன் வீட்டு ஆள் எப்படிப் பிறந்த வீட்டுக் கோடி போடுவது? பெண்கள் கூடிப் பேசிச் சுற்றிலும் பார்த்ததில், எந்த முறையும் இல்லாத ஒரே ஒரு ஆண் கண்ணில் பட்டிருக்கிறார். தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியில், நாங்கள் சிம்பாங் என்று சொல்லும் இடத்தில், மளிகைக் கடை வைத்திருக்கும் சீனர். முதலாளி என்ற பொருளில் தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், எங்களைவிடச் சுத்தமாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். கடைசியாக முகம் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் கடைக்குப் போனார். அவர் கடையில் சேலை ஏது? உள்ளதில் நல்லதாக ஒரு பூப்போட்ட பாத்தேக் கைலியை எடுத்து வந்திருக்கிறார், விலை ஒட்டிய தாளோடு. அதை அக்காவின் தோளில் போட்டுவிட்டு, நான் போலாமா, கடை தொறந்து கெடக்கு என்று கேட்டிருக்கிறார். கூடப் பிறந்தவன் பாதியில் போகக் கூடாது என்று பெண்கள் அதட்டி உட்கார வைத்துவிட்டார்கள். மனிதர் எல்லாம் முடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல் நாளே வந்து, அண்ணன்காரன் என்ன கொண்டுவர வேண்டும் என்று விசாரித்து எழுதிக்கொண்டு போனாராம்.

அக்கா இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். தவுக்கே போட்டாரு என்றாள், அவ்வளவுதான். போலீஸை நான் நாலு வார்த்தை திட்டினேன். அவளும் ஆமாம் என்று கேட்டுக்கொண்டாள்.

இது இத்தோடு போயிருக்கும். நான் படிக்கிறவனாக மட்டும் இருந்திருந்தால் போயிருக்கும்.

எல்லாம் ஓய்ந்து சில வருடங்கள் கழித்து, ஈப்போவில் எங்கள் வாசகர் வட்டத் தலைவர் ஒரு கட்டுத் தாளோடு கடைக்கு வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அந்தக் காலத்தைச் சாமானியத் தமிழர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று ஒரு தொகுப்பு நூல் கொண்டுவரப் போகிறாராம். அட்டையில் சூரியன் உதிக்கும், சூரியனுக்குக் கீழே கைகள் நீளும், தலைப்பில் விடியல் என்ற சொல் வரும், அதெல்லாம் முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. மக்களிடம் கொடுக்கக் கேள்வித்தாள் தயார் செய்திருந்தார். நீங்கள் இச்சோதனையை எவ்வாறு எதிர்கொண்டீர்கள், இதிலிருந்து நீங்கள் கற்ற பாடம் என்ன என்று இருந்தது. நூறு பிரதி எடுத்துக் கொடுத்தேன். மீ கோரிங் நூடுல்ஸ் கடைக்காரர் ஒருவர், எதிர்கொள்ளவில்லை, கடையைச் சாத்திவிட்டு டிவியில் நாடகம் பார்த்தோம், பாடம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வந்ததிலேயே நேர்மையான பதில் அதுதான். குழு அதை ஒருமனதாக நிராகரித்தது.

தட்டச்சு வேலை என் தலையில் விழுந்தது. வந்த பதில்களில் எல்லாரும் எல்லாருக்கும் சோறு போட்டிருந்தார்கள். பசித்தவர்களைவிடச் சோறு போட்டவர்கள்தான் அதிகம் இருந்தார்கள். யாரும் யாரையும் கண்டு கதவைச் சாத்தவில்லை. என் தெருவில் அத்தனை கதவும் சாத்தியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதில் முதல் கதவு என்னுடையது. இப்படியே அடித்துக்கொண்டிருந்தபோது தலைவர், இத்தனை புத்தகம் படித்தவர், நீங்களும் ஒரு அத்தியாயம் தாருங்கள் என்றார். அக்காவைப் பற்றி எழுதுகிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எழுதினேன். அதில் நான் போனேன். கோப்பெங்கைத் தாண்டினேன், தாப்பாவைத் தாண்டினேன், பிடோரையும் தாண்டினேன். காத்திருந்த அக்காவின் தோளில் என் கையால் சேலையைப் போட்டேன். வாய் கூசியிருக்கும், கை கூசவில்லை. பொய்க்கு நடுவில் கொஞ்சம் உண்மையும் இருந்தால்தான் எடுபடும் என்று அந்தப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றியதை அப்படியே எழுதினேன், அவர் சொன்ன வார்த்தை உட்பட. தலைவர் குழுவில் வாசித்துக் காட்டியபோது அந்த இடத்தில் இரண்டு பேர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்கள். தவுக்கேயைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் இருந்தால் நான் இருக்க முடியாதே.

தோட்டத்துக்கு யார் புத்தகம் அனுப்பப் போகிறார்கள் என்று தைரியமாக இருந்தேன். தலைவர் அனுப்பிவிட்டார். வெளியீட்டு விழாவில் மேடையில் பொன்னாடை போடுகிறோம் என்று அழைப்பும் சேர்த்து அனுப்பினார். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"புத்தகம் வந்துச்சு. ரெண்டு தடவ படிச்சேன். தவுக்கே இல்லியே அதுல."

அச்சாகிவிட்டது, பக்கம் குறைவு, ஆசிரியர் குழு வெட்டிவிட்டது என்று நானும் சப்பைக்கட்டுக் கட்டினேன்.

"எனக்கு நீ வந்ததா எழுதுனது பத்தி ஒண்ணும் இல்ல. அவரு அதுல வரணும். அத மட்டும் பாரு. அவரு பேரு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. சின்ன வயதில் அவர் அப்பா கல்லாவில் இருந்தபோதிலிருந்து அந்தக் கடையில் ஐஸ் வாங்கித் தின்றவன், எனக்கு அவர் பெயர் தெரியாது. அவள் சொன்னாள், எழுதிக்கொண்டேன். நான் ஞாயித்துக்கெழம ரயில்ல வாரேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஒரு திருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதியிலும் செருக வேண்டும், அவ்வளவுதான் வேலை. போட்டோஸ்டேட் கடைக்காரனுக்கு அது கால் மணி நேர வேலை. அந்த வாரம் நான் சீட்டும் அடித்தேன். வாழ்த்துரை வழங்கிய பிரமுகரின் பட்டத்தில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, தலைவர் பதறிப்போய் ஓடிவந்தார். அதற்கு அடித்த சீட்டு. எல்லாப் பிரதியிலும் என் கையாலேயே செருகினேன். தவுக்கேயின் பெயரை எழுதிய தாள் சட்டைப் பையிலேயே இருந்தது.

விழா ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், பிறகு ஆறு பேர் பேசினார்கள். துன்பத்தைக் கண்டு துவளாதவன் தமிழன் என்று ஆறு பேரும் சொன்னார்கள். குளிர்சாதனம் வேலை செய்யவில்லை என்று மூன்று பேர் நடுவிலேயே துவண்டு எழுந்துபோனார்கள். அக்காவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் இதற்கு முன் மைக்கைப் பிடித்ததில்லை. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவள்.

"இதுல என் தம்பி வந்து கோடி போட்டதா இருக்கு. அவன் வரல. போட்டது எங்க சிம்பாங் கடைக்காரர்," என்று அவர் பெயரை முழுதாகச் சொன்னாள். "இத எழுதிக்கங்க."

இறங்கிவிட்டாள். கூட்டம் ஒரு நிமிடம் திகைத்தது. பிறகு யாரோ கைதட்டினார், உடனே எல்லாரும் தட்டினார்கள். நெறியாளர் மைக்கைப் பிடித்து, சீனச் சகோதரரைத் தன் உடன்பிறப்பினும் மேலாக மதிக்கும் இந்தத் தாயின் பரந்த உள்ளத்தைப் பாருங்கள் என்று இரண்டு நிமிடம் உருகினார். நல்லிணக்கம் என்ற சொல் மட்டும் ஐந்து முறை வந்தது. என்னைப் பார்த்துச் சிலர் புன்னகைத்தார்கள். தம்பி வரவில்லை என்பதை அந்த மண்டபத்தில் ஒரு காதும் வாங்கவில்லை.

சமோசா மேசைக்குப் பக்கத்தில் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு அருமையான சங்கதியை விட்டுவிட்டீர்களே என்று குறைபட்டார்.

"ரெண்டாம் பதிப்புல சேத்துருவோம். நீங்களும் வந்தீங்க, அவரும் வந்தாரு, ரெண்டு பேருமாச் சேந்து போட்டீங்கன்னு வச்சுக்கலாம்லா. இன்னும் நல்லா இருக்கும்."

அவரை அறைய வேண்டும் போல் இருந்தது. அறைவதற்கு எனக்கு என்ன தகுதி? சமோசாவை வாயில் போட்டுக்கொண்டேன்.

அக்காவை வீட்டில் விட நான்தான் கிளம்பினேன். அந்த நாளுக்குப் பிறகு அவளைப் பார்க்கப் போன போதெல்லாம் நெடுஞ்சாலையில்தான் போவேன். அன்று அவள் பழைய ரோட்டுலயே போ என்றாள். கம்பார் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். மடியில் பொன்னாடையை நான்காக மடித்து வைத்திருந்தாள்.

"அந்தப் போலீஸ்காரன் தொப்பியக் கழட்டுனான்னு எழுதியிருக்கியே, அது நெசந்தானே?" என்று கேட்டாள்.

நான் முன்னால் போன லாரியை முந்தினேன்.

"அத ஒன்னால சோடிக்க முடியாது. அப்ப அவன் ஒன்ன விட்டுட்டான்."

"விட்டுட்டான்க்கா."

"எங்க திரும்புன?"

தாப்பாவைத் தாண்டி அந்தப் பெட்ரோல் நிலையத்துக்குள் காரை விட்டேன். அவள் இறங்கினாள். பெட்ரோல் போடும் இடத்தையும் கழிவறையையும் ஓரத்தில் பெத்தாய்க் காய் விற்கும் மேசையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் குரல் செய்தியைப் பற்றிச் சொன்னேன், மூச்சுத் திணறிச் செத்தவர்களைப் பற்றிப் படித்ததைச் சொன்னேன், வீட்டில் பிள்ளைகள் இருந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். சொல்வதற்கு வேறு எதுவும் மிச்சம் இல்லாமல் போனதும், பயந்துட்டேன்க்கா என்றேன். அந்தச் சொல்லை இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

"எனக்கும் பயந்தான்," என்றாள். "நான் எங்க திரும்புறது?"

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியிலேயே நின்றேன். அவள் ஜன்னலை இறக்கினாள்.

"ஏறு. அன்னைக்கி ஓட்டாத மிச்சத்த ஓட்டு. நான் பாக்குறேன்."

ஓட்டினேன். வீடு வரும்வரை அவள் சாலையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.